மதுரைக்கு 3 நாள் வர்றோமுங்க, கையக் கடிக்காம என்னென்ன பாக்கலாம்?

#1 தென்னந்தோப்பு

வணக்கமுங்க எல்லாருக்கும். அரையாண்டு லீவுக்கு குடும்பத்தோட மதுரை வரலாம்னு இருக்கோமுங்க. நானு, வீட்டுக்காரரு, பையன் ஆறாவது, பாப்பா ரெண்டாவது, கூட எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா). அத்தைக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, சமதரைல மெதுவா நடப்பாங்க. பொள்ளாச்சில ட்ரெயின் ஏறினா ராத்திரி எட்டு மணி வாக்குல அங்க வந்துருவோம், நடுவுல மூணு நாள் முழுசா இருக்கு, நாலாம் நாள் காலைல திரும்பற ட்ரெயின்.

போன வருசம் ஒரு மலை ஊருக்குப் போயி டாக்ஸி, நுழைவு டிக்கெட், போட்டிங், ஓட்டல்னு மூணே நாள்ல பதினெட்டாயிரம் போயிருச்சுங்க, அதுல பாதி நேரம் வண்டிக்குள்ளயே உக்காந்துருந்தோம், பசங்கள கேட்டா என்ன பார்த்தோம்னே சொல்லத் தெரியல. இந்தத் தடவை ட்ரெயின், ரூம் போக மத்த எல்லாத்துக்கும் 4000 தான்னு முடிவு பண்ணிட்டோம். மீனாட்சியம்மன் கோவில் தவிர எனக்கு மதுரைல ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 மாசிவீதி

வாங்க வாங்க. முதல்ல ஒண்ணு சொல்லிருறேன், டிசம்பர் கடைசி வாரம் கோவில்ல அய்யப்ப சாமிங்க கூட்டம் பயங்கரமா இருக்கும், பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க. பகல் பத்து மணிக்கு போய் வரிசைல நின்னீங்கன்னா அத்தை பாவம். ரெண்டே நேரம் தான் சரி, ஒண்ணு விடிகாலைல (மார்கழில நடை இன்னும் வெள்ளனயே தொறந்துருவாங்க), இல்லன்னா ராத்திரி எட்டரைக்கு மேல.

நான் ராத்திரிக்கு தான் ஓட்டு போடுவேன். ஒன்பது மணிக்கு மேல பள்ளியறை பூஜை. சொக்கரோட பாதத்த பல்லக்குல வச்சு அம்மன் சன்னதி பள்ளியறைக்கு தூக்கிட்டு வருவாங்க, மேளமும் நாதஸ்வரமும் முன்னாடி வரும், அந்தக் கல்லு மண்டபத்துக்குள்ள அந்தச் சத்தம் எப்படி சுத்தி வரும்னு எழுதிக் காட்ட முடியாதுங்க, நாப்பது வருசமா கேக்குறேன் இன்னும் சிலிர்க்குது. அது முடிஞ்சா அன்னைக்கு கோவில் முடிஞ்சது, சாமி தூங்கப் போயிருச்சுன்னு பாப்பாகிட்ட சொல்லுங்க, அது மறக்கவே மறக்காது. அஞ்சு பைசா செலவு கிடையாது.

அப்புறம் இந்த ஊர நடந்து பாக்கணும். கோவில நடுவுல வச்சு தாமரை இதழ் மாதிரி தெரு போட்ட ஊரு இது. மதிலுக்கு உள்ள ஆடி வீதி, வெளிய வந்தா சித்திரை வீதி, அதச் சுத்தி ஆவணி மூல வீதி, அதச் சுத்தி மாசி வீதி, கடைசியா வெளி வீதி. எந்த மாசம் எந்த வீதில சாமி சுத்துச்சோ அந்த மாசத்து பேரு. நடுவுல பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதின்னு ரெண்டு பேரு மட்டும் வித்தியாசமா வரும். முன்னாடி அங்க கோட்டை மதில் இருந்துச்சு, 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் அத இடிச்சு ஊர விரிச்சாரு, அப்ப வேலை பார்த்த மேஸ்திரி பேரும் சர்வேயர் பேரும் தான் அது. பிளாக்பர்னுக்கு நன்றியா வச்ச விளக்குத் தூண் இன்னைக்கும் நிக்குது, அந்த ஏரியா பேரே விளக்குத்தூண் ஆயிருச்சு.

சித்திரை வீதி நாலுலயும் வண்டி விட மாட்டாங்க, தரை கல்லு பாவி சமமா இருக்கும், அத்தை தாராளமா நடக்கலாம், கால் வலிச்சா உக்காந்துக்கலாம். வந்து இறங்குற அன்னைக்கே ரூம்ல பைய வச்சுட்டு ஒரு சுத்து சுத்துங்க. நாலு ராஜகோபுரமும் லைட் போட்டு நிக்கும், தெக்கு கோபுரம் தான் உசரம், 170 அடி.

#3 ஹாஸ்டல்பையன்

மாசிவீதி அண்ணே சொன்னது கரெக்ட். நான் இங்க வந்து ரெண்டு வருசம் ஆச்சு, சொந்த ஊரு ராம்நாடு பக்கம், மாசக் கடைசில கைல நூறு ரூபா இருக்கும்போது எங்க போவேனோ அந்த இடங்கள மட்டும் சொல்றேன்.

காந்தி மியூசியம், தமுக்கம் பக்கம். ராணி மங்கம்மாள் இருந்த அரண்மனை அது, 1959ல நேரு வந்து மியூசியமா தொறந்து வச்சாரு. உள்ள போக டிக்கெட் கிடையாது. சுட்டப்ப காந்தி போட்டிருந்த துணி, ரத்தக் கறையோட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. அந்த ரூம்ல யாரும் பேச மாட்டாங்க. ஸ்கூல் பசங்க கத்திக்கிட்டே வருவாங்க, அந்த வாசல்ல நுழைஞ்சதும் தானா அமைதியாயிருவாங்க, நானே பார்த்திருக்கேன்.

ரெண்டாவது கலைஞர் நூற்றாண்டு நூலகம், புது நத்தம் ரோடு, 2023 ஜூலைல தொறந்தது. ஏசி, சுத்தமான பாத்ரூம், லிஃப்ட், குழந்தைங்களுக்கு தனி பகுதி, எல்லாமே ஃப்ரீ. வெளியூர்க்காரங்க லைப்ரரிக்கா போவாங்கன்னு நினைக்காதீங்க, மத்தியானம் பன்னண்டரை மணில இருந்து நாலு மணி வரைக்கும் கோவில் நடை சாத்தி இருக்கும், வெயில் வேற, அந்த நேரத்துக்கு இத விட்டா வேற இடமே இல்ல.

#4 சுங்கடி

அக்கா நீங்களும் அத்தையும் பாப்பாவும் டவுன் பஸ்ல ஃப்ரீயா போகலாம், 2021ல இருந்து சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, எந்த ஊரா இருந்தாலும் சரி. பஸ் முகப்புல கட்டணமில்லா பயணம்னு எழுதிருக்கான்னு பார்த்து ஏறுங்க, கண்டக்டர் காசில்லா டிக்கெட் ஒண்ணு கிழிச்சு குடுப்பாரு, அத தூக்கிப் போடாம கைல வச்சுக்கோங்க, செக்கிங் வந்தா கேப்பாங்க. அண்ணனுக்கும் பையனுக்கும் மட்டும் தான் டிக்கெட்.

ரூமு மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் பாருங்க. ஸ்டேஷன்ல இருந்து நடந்துரலாம், கோவிலுக்கும் நடந்துரலாம், பெரியார் பஸ் ஸ்டாண்டும் பக்கம். தள்ளி இருக்கற ஏரியால முந்நூறு ரூபா கம்மியா ரூம் கிடைக்குதேன்னு போயிராதீங்க, அந்த முந்நூற ஆட்டோவே வாங்கிரும்.

சாப்பாட்டுக்கு பெரிய ஓட்டல் தேவையே இல்ல. காலைல வெள்ளன எந்திரிச்சீங்கன்னா தெருமுனைல பருத்திப்பால் வண்டி நிக்கும். பருத்திக் கொட்டைய ஊற வச்சு ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டு காய்ச்சறது, மேல கொஞ்சம் தேங்காய் தூவி குடுப்பாங்க. மார்கழிக் குளிர்ல அத்தைக்கு அவ்வளவு எதமா இருக்கும். ராத்திரி இட்லிக் கடைங்க, ஒரு இட்லிக்கு நாலு சட்னி. ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம் போய் குடிங்க, ஊர் பூரா போர்டு வச்சுருப்பாங்க, எல்லாமே நல்லா இருக்காது. பாலச் சுண்டக் காய்ச்சின நெறம் இருக்கணும், வெள்ளை வெளேர்னு இருந்தா தாண்டிப் போயிருங்க.

#5 மலைக்கோட்டைரயில்

நான் திருச்சி, வருசத்துக்கு ரெண்டு தடவை மதுரை வருவேன். ஒரு விசயம் சொல்லணும், எனக்கே நடந்தது. முதல் தடவை அம்மாவோட வந்தப்ப கோவில் வாசல்ல ஒருத்தர், அண்ணே எங்க கடை மொட்டை மாடில இருந்து பார்த்தா நாலு கோபுரமும் தங்க விமானமும் சேர்ந்து தெரியும், ஃப்ரீ தான் வாங்கன்னு அவ்வளவு மரியாதையா கூப்பிட்டாரு. போனோம், தெரிஞ்சது, நல்லாத்தான் இருந்துச்சு. இறங்கி வரும்போது நடுவுல ஒரு ஹால்ல உக்கார வச்சு சால்வை, சிலைன்னு ஒவ்வொண்ணா விரிச்சுப் போட ஆரம்பிச்சாங்க, அம்மாவுக்கு சும்மா எந்திரிச்சு வர மனசு வரல, கடைசில 1800 ரூபாய்க்கு ஒரு போர்வை வாங்கிட்டு வந்தோம். ஊருக்கு வந்து பார்த்தா ரெண்டாவது துவையல்லயே சாயம் போயிருச்சு. அம்மா அந்தப் போர்வைய பாக்கும்போதெல்லாம் வருத்தப்பட்டாங்க, எனக்கு அது தான் தாங்கல. யாராவது ஃப்ரீயா மாடி காட்டறேன்னா வேணாங்கன்னு சொல்லிட்டு நடந்துருங்க.

இன்னொண்ணு, கோவிலுக்குள்ள போன் கொண்டு போக முடியாது. 2018ல தீ விபத்துக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு. வாசல்ல கவுண்டர்ல வச்சுட்டு டோக்கன் வாங்கணும், அந்தக் கவுண்டர்லயே ஒரு வரிசை நிக்கும். அதனால அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு போன் கொண்டு போங்க, மத்தத ரூம்ல பூட்டிருங்க. எந்த வாசல்ல வச்சீங்களோ அந்த வாசல் வழியாவே வெளிய வாங்க, இல்லன்னா கோவில சுத்தி நடக்கணும், அத்தைக்கு ஆகாது.

#6 தென்னந்தோப்பு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அத்தைகிட்ட பருத்திப்பால் பத்தி படிச்சுக் காட்டினேன், அவங்க சின்ன வயசுல குடிச்சதாம், உடனே கிளம்பலாம்ங்கறாங்க. ஆயிரங்கால் மண்டபம், நாயக்கர் மகால் எல்லாம் டிக்கெட் எவ்வளவு வருமுங்க? போலாமா? பையனுக்கு வரலாறு ரொம்ப இஷ்டமுங்க, கீழடி கீழடின்னு ஒரே பேச்சு.

#7 மாசிவீதி

ஆயிரங்கால் மண்டபம் கோவிலுக்குள்ளயே இருக்கு, சின்ன டிக்கெட் தான். தூண எண்ணினா 985 வரும், பையன எண்ணச் சொல்லுங்க. மகாலுக்கும் பெருசா ஒண்ணும் வராது, கண்டிப்பா போங்க. 1636ல திருமலை நாயக்கர் கட்டினது, இப்ப நிக்கறது முன்ன இருந்ததுல கால் பங்கு தான்னு சொல்வாங்க. பேரன் சொக்கநாத நாயக்கர் பெரும்பகுதிய பிரிச்சு திருச்சிக்கு கொண்டு போயிட்டாரு, அப்புறம் 1860கள்ல நேப்பியர் பிரபு தான் மிச்சத்த பழுது பார்த்து காப்பாத்தினாரு, ரொம்ப வருசம் கோர்ட்டு அதுக்குள்ள தான் நடந்துச்சு. தூணுங்க ஒவ்வொண்ணும் ஒரு ஆளால கட்டிப் பிடிக்க முடியாது.

மகால் பாத்துட்டு யாருமே போகாத ஒரு இடம் இருக்கு, அங்க போங்க. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை சந்துக்குள்ள பத்துத்தூண். அந்த அரண்மனைல இருந்து தப்பிச்ச பத்து தூண், மேல கூரை கிடையாது, சுவர் கிடையாது, ரெண்டு பக்கமும் துணி பேல் அடுக்கி வச்ச கடைங்க, நடுவுல தூண் மட்டும் வானத்தப் பார்த்து நிக்கும். சுமை தூக்கறவங்க அதுல சாஞ்சு டீ குடிச்சிட்டு இருப்பாங்க. அந்த தூண் எங்க நிக்குது, மகால் எங்க நிக்குதுன்னு பையன நடந்து அளக்கச் சொல்லுங்க, அந்த அரண்மனை எம்புட்டு பெருசுன்னு அப்ப தான் புரியும். டிக்கெட்டும் இல்ல, வாட்ச்மேனும் இல்ல. அத முறையா பாதுகாக்கணும்ங்கறது என் பல வருச ஆதங்கம், அது தனிக் கதை.

கோவில் கிழக்கு கோபுரத்துக்கு எதிர்ல இருக்கற புதுமண்டபத்துல இருந்த தையல்காரங்க, புத்தகக் கடை, பாத்திரக் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்டாங்க. அதனால இணையத்துல பழைய கட்டுரை படிச்சுட்டு புதுமண்டபத்துல போய் தேடாதீங்க.

#8 ஹாஸ்டல்பையன்

கீழடிக்கு கண்டிப்பா போங்க. மாவட்டம் சிவகங்கைல வருது, ஆனா மதுரைல இருந்து 12, 13 கிலோமீட்டர் தான். மானாமதுரை, திருப்புவனம் போற பஸ்ல ஏறி சிலைமான் தாண்டி கீழடி விலக்குல இறங்கணும், அங்க இருந்து உள்ள கொஞ்ச தூரம், ஷேர் ஆட்டோ கிடைக்கும். நான் போனப்ப பெரியவங்களுக்கு 15 ரூபா டிக்கெட். செவ்வாக்கிழமை லீவு, அத மட்டும் பாத்துக்கோங்க.

மியூசியம் கட்டடமே செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் வச்சு கட்டிருக்காங்க. பெரியவங்க தேதி, கி.மு. ஆறாம் நூற்றாண்டுன்னு படிச்சிட்டு நிப்பாங்க, பசங்களுக்கு புடிக்கறது வேற. பகடைக்காய், சில்லு, யானைத் தந்தத்துல செஞ்ச சீப்பு, பானை ஓட்டுல கீறின பேரு. ஆதன்னு ஒருத்தன் தன் பானைல பேர் எழுதி வச்சிருக்கான். நம்ம எவர்சில்வர் டப்பால பேர் வெட்டி வைப்போமே, அதே தான். உங்க பையன் தமிழி (அந்தக் காலத்து தமிழ் எழுத்து) அட்டவணை ஒண்ணு பிரிண்ட் போட்டு கைல எடுத்துட்டு வந்தான்னா அங்க அவனே படிச்சிருவான்.

#9 நாகமலை75

இவ்வளவு நேரம் படிச்சிட்டு இருந்தேன், யாருமே மலைய சொல்லல. மதுரைன்னா கோவிலும் சாப்பாடும் மட்டும்னு ஆயிருச்சே. நான் ரிட்டயர்டு வாத்தியார், இருபது வருசமா ஞாயித்துக்கிழமை ஆனா ஏதாவது ஒரு மலைக்கு போறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வாங்கம்மா. நாகமலைப் புதுக்கோட்டை பக்கம், டவுன் பஸ் இருக்கு. அடிவாரத்துல அய்யனார் கோவில், எதிர்ல தாமரைக் குளம், பெரிய ஆலமரங்க. உங்க அத்தை அங்க நிழல்ல உக்காந்துக்கலாம், கோவிலுக்கு வர்ற பொம்பளைங்க பேச்சுத் துணைக்கு இருப்பாங்க. நீங்க நாலு பேரும் படியேறுங்க. தொல்லியல் துறை கல்லுலயே படி வெட்டி கம்பி போட்டிருக்கு, பாப்பாவே ஏறும், பத்து பதினஞ்சு நிமிசம் தான்.

மேல பேச்சிப்பள்ளம்னு ஒரு இடம். சின்ன சுனை, அதுக்கு மேல பாறைல வரிசையா சமணச் சிற்பங்க, பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர். 9, 10ஆம் நூற்றாண்டு. சிற்பங்களுக்கு கீழ வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்துல ரெண்டு மூணு வரி இருக்கும், யாரு செதுக்க வச்சாங்கன்னு. அதுல ஒண்ணு அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்திங்கறவர் துறவி, மதுரையச் சுத்தி பல மலைல அவர் பேர் இருக்கு. மகன் வீட்ட விட்டு துறவியா போயிட்டான், அந்தத் தாய் இந்த மலைல ஒரு சிற்பம் வைக்கச் செஞ்சிருக்கா, தன் பேருக்கு முன்னாடி இன்னாரோட தாய்னு எழுதச் சொல்லிருக்கா. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. நான் அதப் படிச்சு அர்த்தம் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு அந்தப் பாறை முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். என் பெரியவன் அப்ப தான் வெளிநாடு போயிருந்தான்.

சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க, வெயிலும் இருக்காது, சாஞ்ச வெளிச்சத்துல எழுத்து எடுப்பா தெரியும். உச்சி வெயில்ல பார்த்தா எழுத்து இருக்கறதே தெரியாது. இருட்டறதுக்குள்ள இறங்கிருங்க. ஒரே ஒரு வேண்டுகோள், எழுத்து தெரியலன்னு சாக்பீஸோ மாவோ போட்டு தேய்க்காதீங்க, கைய வச்சு தடவாதீங்க, பசங்ககிட்டயும் சொல்லுங்க. காதலர் பேர் வெட்டி வச்சிருக்கறத பார்த்தா வயிறு எரியும்.

#10 மலைக்கோட்டைரயில்

சார் நீங்க சொல்றது நல்லாருக்கு, ஆனா சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டு, வயசானவங்கள தனியா அடிவாரத்துல விட்டுட்டு மலை ஏறணுமா? மூணே நாள் தான் இருக்கு. அதுக்கு அழகர்கோவில் போகலாமே, பஸ்லயே மேல வரைக்கும் போயிரலாம்.

#11 நாகமலை75

தனியா விட வேணாம் தம்பி, நியாயமான கேள்வி தான். வீட்டுக்காரர் ஒரு தடவை, அந்தம்மா ஒரு தடவைன்னு மாத்தி மாத்தி பசங்கள கூட்டிட்டு ஏறலாம், நான் என் சம்சாரத்தோட அப்படி தான் போவேன், அவளுக்கும் முட்டி. அழகர்கோவிலும் போகட்டும், நல்ல இடம். ஆனா கூட்டத்துல சாமி பாக்கறதுக்கு எல்லா ஊர்லயும் வழி இருக்கு, இத்தன பழைய எழுத்த எட்டி நின்னு, வரிசை இல்லாம, டிக்கெட் இல்லாம, காத்து வாங்கிக்கிட்டு பாக்கறதுக்கு மதுரை மாதிரி ஊரு கம்மி. மேலூர் பக்கம் இருக்கற அரிட்டாபட்டி மலைய எடுத்துக்கோங்க, 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. ரெண்டே வருசத்துல அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னாங்க, ஊர் ஊரா சனங்க திரண்டு நின்னாங்க, 2025 ஜனவரில அந்த ஏலத்த ரத்து பண்ணாங்க. மலைய நாலு பேரு வந்து பார்த்து தெரிஞ்சு வச்சுக்கிட்டா தான் நாளைக்கு ஒண்ணுன்னா கேக்க ஆள் இருக்கும். அதுக்குத் தான் இவ்வளவு சொல்றேன்.

#12 வல்லைவெளி

வணக்கம், நான் யாழ்ப்பாணம். போன வருசம் அம்மாவோட மதுரைக்கு வந்தனாங்கள். அழகர்கோயில் பற்றிச் சொன்னபடியால் எழுதுறன். பஸ்ஸிலை போனால் ஒரு மணித்தியாலம் வரும். கீழை பெருமாள் கோயில், மேலை பழமுதிர்சோலை, அதுக்கும் மேலை நூபுரகங்கை, மேலை போறதுக்கு கோயிலாலை பஸ் விடுகினம், அம்மா ஒரு படியும் கஷ்டப்பட்டு ஏறேல்லை. பிரசாதமா தோசை குடுக்கினம், தடிப்பா, மிளகு போட்டு, நாங்கள் அதையே மத்தியானச் சாப்பாடா வைச்சிட்டம். குரங்குகள் கனக்க, கையிலை பை வைச்சிருந்தால் கவனம், அம்மான்ரை பூவையும் தேங்காயையும் பறிச்சுக்கொண்டு ஓடிட்டுது.

எங்களுக்கு ஆகப் பிடிச்சது தெப்பக்குளம். பின்னேரம் சும்மா போய் மதிலிலை இருந்தம். எங்கடை ஊர்ச் சனம் மாதிரியே குடும்பம் குடும்பமா வந்து இருந்து கதைச்சுக்கொண்டு இருந்திச்சினம்.

#13 சுங்கடி

ஆமா தெப்பக்குளம் சொல்ல மறந்துட்டேன் பாருங்க! 1645ல வெட்டினது, ஒரு பக்கம் ஆயிரம் அடி இருக்கும். மகால் கட்ட செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம் தான் குளமாச்சுன்னும், அப்படித் தோண்டும்போது கிடைச்சவர் தான் பெரிய கோவில்ல இருக்கற முக்குறுணி விநாயகர்னும் சொல்வாங்க. நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப அதுக்குள்ள தண்ணியே இருக்காது, பசங்க கிரிக்கெட் தான் விளையாடுவாங்க. இப்ப வைகைத் தண்ணிய வாய்க்கால் வழியா கொண்டு வந்து நிரப்பறாங்க. நிறைஞ்ச தெப்பக்குளத்த நடு மண்டபத்தோட சாயங்காலம் பாக்கறப்ப எங்க அம்மா கண்ணு கலங்கிருச்சு. சுத்தி சுண்டல், மாங்கா, பஜ்ஜி எல்லாம் இருக்கு, அம்பது ரூபால ஒரு குடும்பம் கொறிச்சிரலாம்.

இன்னொண்ணு அக்கா, ஒரு நாள் விடியக்காலைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு போங்க. மார்கழில மல்லி வரத்து கம்மியா இருக்கும், விலை ஏறி கிடக்கும், வாங்க வேணாம், சும்மா பாருங்க. ஈரச் சாக்குல இருந்து கொட்டும்போதே அந்த வாசம் ஆள அடிக்கும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடே குடுத்தாங்க. செவ்வந்தி, மருக்கொழுந்துன்னு மலை மலையா குவிச்சு வச்சிருப்பாங்க. நடுவுல நிக்காதீங்க, மூட்டை தூக்கறவங்க ஓட்டமா வருவாங்க, ஓரமா நின்னு பாருங்க.

#14 மாசிவீதி

நானும் ஒண்ணு விட்டுட்டேன். மேல மாசி வீதி 251ஆம் நம்பர், கீழ கதர் கடை. 1921 செப்டம்பர்ல காந்தி மதுரை வந்தப்ப அந்த மாடில தான் தங்கினாரு. வர்ற வழில ட்ரெயின்ல சனங்க கிட்ட கதர் போடுங்கன்னா, கதர் வாங்கற அளவுக்கு எங்ககிட்ட காசு இல்லைன்னாங்களாம். 22ஆம் தேதி காலைல அந்த வீட்ட விட்டு வேட்டிய முழம் துண்டாக்கி கட்டிக்கிட்டு தான் வெளிய வந்தாரு. அப்புறம் கடைசி வரைக்கும் அந்த உடுப்பு தான். ஹாஸ்டல்பையன் சொன்ன மியூசியத்துல அந்தக் கடைசித் துணி இருக்கு, இந்த வீட்ல தான் அந்த உடுப்ப முதல்ல கட்டினாரு. ரெண்டையும் ஒரே நாள்ல பாருங்க. கதர் கடைல கேட்டா மேல போய் பாக்க விடுவாங்க, காசு கிடையாது.

#15 தென்னந்தோப்பு

போயிட்டு வந்துட்டோமுங்க! நேத்து தான் வீடு வந்து சேர்ந்தோம், துணி கூட இன்னும் துவைக்கல, உங்களுக்கு எழுதாம தூக்கம் வராதுன்னு உக்காந்துட்டேன்.

செலவ முதல்ல சொல்லிடறேன். ட்ரெயின், ரூம் போக 3,460 ஆச்சுங்க. அதுல 2,300 சாப்பாடு, மிச்சம் பஸ், ரெண்டு தடவை ஆட்டோ, டிக்கெட்டுங்க, ஒரு சுங்கடி சேலை (அத்தைக்கு, அவங்களே பேரம் பேசினாங்க). டவுன் பஸ் சொன்ன மாதிரியே எங்க மூணு பேருக்கும் இலவசம். கீழடி போற பஸ்ல மட்டும் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தோம்.

பள்ளியறை பூஜைக்கு முதல் நாளே போயிட்டோமுங்க, கூட்டம் இருந்துச்சு ஆனா பகல் அளவுக்கு இல்ல. பாப்பா அவங்க அப்பா தோள்ல உக்காந்து பார்த்தா. வெளிய வரும்போது லட்டு ஒண்ணு ஒண்ணு குடுத்தாங்க, அதுவும் இலவசம். ரூமுக்கு வந்து படுத்தப்புறம், அம்மா சாமி தூங்கிருக்குமா, சத்தம் போடாதீங்கன்னு எங்கள அதட்டிட்டா.

மாடி காட்டறேன்னு கூப்பிட்டாங்க, ரெண்டு தடவை. திருச்சி அண்ணனுக்கு நன்றிங்க, கும்பிட்டுட்டு நடந்துட்டோம்.

பத்துத்தூண் கண்டுபிடிக்க நாலு பேர கேட்டோம். பையன் அங்க இருந்து மகால் வாசல் வரைக்கும் அடி எண்ணிக்கிட்டே வந்தான், நடுவுல ஒரு டூவீலர் வந்து எண்ணிக்கை விட்டுப் போச்சுன்னு திரும்பப் போய் முதல்ல இருந்து எண்ணினான். கீழடில ஆதன் பேர அவனே எழுத்து கூட்டிப் படிச்சான். அங்க இருந்த அம்மா ஒருத்தங்க கை தட்டுனாங்க, அவனுக்கு மொகமெல்லாம் சிவந்து போச்சு.

சமணர் மலைக்கு மூணாவது நாள் சாயங்காலம் போனோமுங்க. அத்தைய கீழ ஆலமரத்தடில உக்கார வச்சு நான் துணைக்கு இருந்தேன், அவங்க மூணு பேரும் ஏறினாங்க. அவரு இறங்கி வந்து நீ போயிட்டு வான்னாரு. வாத்தியார் ஐயா, அந்த எழுத்த எனக்குப் படிக்கத் தெரியலைங்க, எந்த சிற்பம்னும் தெரியல. பையன் தான் இதுவா இருக்கும் அம்மான்னு ஒண்ண காட்டினான். தொடல. வெயில் மஞ்சளா விழுந்துச்சு, சுனைல தண்ணி இருந்துச்சு, எங்கள தவிர ஒருத்தரும் இல்ல. கீழ வந்து அத்தைகிட்ட குணமதியார் கதைய சொன்னேன். எங்க வீட்டுக்காரரோட தம்பி பதினோரு வருசமா துபாய்ல இருக்காருங்க. அத்தை கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அந்த அம்மா பேரு என்னன்னு சொன்னே, இன்னொரு தடவை சொல்லுன்னாங்க.

அழகர்கோவில், பூ மார்க்கெட் ரெண்டும் நேரம் பத்தல. லைப்ரரில பாப்பா எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா, ரெண்டு மணி நேரம் நினைச்சது மூணரை மணி நேரம் ஆயிருச்சு. தெப்பக்குளத்துக்கு ரெண்டு நாள் போனோம்.

#16 நாகமலை75

படிச்சேம்மா. மகாவீரர் சிற்பத்துக்கு பக்கத்துலயே எழுத்து வரிசைய போட்டோ எடுத்திருந்தா பையன இங்க போடச் சொல்லுங்க, எது எந்த வரின்னு நான் எழுதித் தர்றேன். அத்தைய கேட்டதா சொல்லுங்க.

#17 ஹாஸ்டல்பையன்

அக்கா சித்திரைல ஒரு தடவை வாங்க. அழகர் ஆத்துல இறங்கற அன்னைக்கு ஊரே தண்ணிப் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சாப்பாடுன்னு கூப்பிட்டு கூப்பிட்டு குடுக்கும், அன்னைக்கு மதுரைல காசு எடுத்து நீட்டினாலும் வாங்க மாட்டாங்க. ஆனா அத்தைக்கு அந்தக் கூட்டம் முடியாது, அழகர எதிர்கொண்டு வரவேற்கற எதிர்சேவைக்கு தல்லாகுளம் பக்கம் தெரிஞ்ச வீடு ஒண்ணு மாடியோட இருக்கான்னு இப்பவே கேட்டு வைக்கணும். மாசிவீதி அண்ணே, உங்களுக்கு அங்க யாராவது இருக்காங்களா?

#18 மாசிவீதி

எங்க சித்தி வீடு தல்லாகுளத்துல தான், பெருமாள் கோவில்ல இருந்து ரெண்டாவது தெரு. பங்குனி கடைசில ஞாபகப்படுத்துங்க, சொல்லி வைக்கறேன்.